74 வயசு தாத்தா, 16 வயசு பேத்தி, ஒரு மலேசியா பயணம்: நிகழ்வு ஆய்வு

பட்டுக்கோட்டை பக்கம் டிக்கெட், பாஸ்போர்ட், விசா வேலை பாக்குறேன். எங்க ஏரியால தெருவுக்கு ரெண்டு வீட்டுல யாராச்சும் சிங்கப்பூர்லயோ மலேசியாலயோ இருப்பாங்க, அதனால வயசானவங்க ஃப்ளைட் ஏறுறது ஒண்ணும் புதுசு இல்ல. ஆனா பெத்தவங்க யாரும் கூட போகாம தாத்தாவும் ஸ்கூல் படிக்கிற பேத்தியும் மட்டும் கெளம்புற கேஸ் இப்ப அடிக்கடி வருது. அதுல ஒண்ண இங்க முழுசா எழுதுறேன். ரெண்டு பேருகிட்டயும் தனித்தனியா உக்காந்து பேசி, அவங்க சம்மதத்தோடதான் எழுதுறேன், ஆள் பேரு ஊர் பேரு எல்லாம் விட்டுட்டேன். இந்த கேஸ எடுத்ததுக்கு காரணம், இதுல பேப்பர் எல்லாம் பக்காவா இருந்துச்சு, கையில பணம் இருந்துச்சு, போற இடத்துல சொந்தக்காரங்க இருந்தாங்க, அப்படி இருந்தும் இறங்குன மொத நாளே பெரியவர் மயங்கி விழுற நிலைமைக்கு போயிட்டாரு.

தாத்தாவ பத்தி கொஞ்சம் சொல்லணும். 1951-ல மலேசியாவோட கெடா மாநிலத்துல சுங்கை பட்டாணி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல பொறந்தவரு. அப்பா அம்மா ரெண்டு பேருமே பால்மரம் வெட்டுனவங்க. 1969 மே மாச கலவரத்துக்கு அப்புறம், குடியுரிமை இல்லாதவங்க வேலை செய்யணும்னா பெர்மிட் வேணும்ங்கிற 1968 சட்டத்த கறாரா அமல்படுத்த ஆரம்பிச்சாங்க, சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாதவங்களுக்கு குடுத்த அடையாள அட்டை) வச்சிருந்த ஆயிரக்கணக்கான தமிழ் குடும்பங்க மூட்டை கட்டிக்கிட்டு ஊர் திரும்புச்சு. இவங்களும் பினாங்குல ரஜூலா கப்பல் ஏறி நாகப்பட்டினத்துல வந்து இறங்குனாங்க. 1926-ல கட்டுன கப்பல் அது, நம்ம பக்கத்து பெருசுங்க வாயில அந்த பேரு இன்னும் இருக்கு, 1974-ல அத உடைச்சிட்டாங்க. இவரோட அக்கா மட்டும் நீல ஐசிகாரர, அதாவது குடியுரிமை உள்ளவர, கட்டிக்கிட்டதால அங்கேயே தங்கிட்டாங்க. இப்ப அவங்களுக்கு 79. முட்டி தேய்ஞ்சு போயி நடக்க முடியல, இங்க வர வாய்ப்பே இல்ல, நீதான்டா வரணும்னு ஃபோன்ல அழுதுருக்காங்க.

பேத்தி பதினொண்ணாவது பரிட்சை எழுதி முடிச்சிருந்துச்சு, பயாலஜி குரூப். அப்பா கல்ஃப்ல, லீவு கெடைக்கல. அம்மாவுக்கு சின்னப் புள்ளைய விட்டுட்டு நகர முடியாது. அதனால வீட்டுல ஒரு முடிவுக்கு வந்தாங்க, தாத்தாவ பேத்தி பாத்துக்கட்டும், பேத்திய தாத்தா பாத்துக்கட்டும்னு. கேக்க நல்லாதான் இருக்கு. ஆனா இந்த கேஸ்ல நடந்த எல்லாத்துக்கும் ஆரம்பம் அந்த ஒரு பேச்சுதான்னு நான் நினைக்கிறேன். யாரு எத பாத்துக்கணும்னு யாருமே சொல்லல.

பேப்பர் வேலைய சீக்கிரம் சொல்லி முடிச்சிடுறேன், ஏன்னா அங்க எதுவும் தப்பு நடக்கல. இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1-ல இருந்து மலேசியாவுக்கு விசா வேணாம், 30 நாள் வரைக்கும் தங்கலாம். பாஸ்போர்ட் ஆறு மாசத்துக்கு மேல செல்லுபடி ஆகணும். போறதுக்கு மூணு நாளைக்குள்ள டிஜிட்டல் அரைவல் கார்டு ஆன்லைன்ல போடணும், அதுக்கு காசு கிடையாது. காசு கேக்குற சைட் நெறைய இருக்கு, அந்த பக்கமே போகாதீங்க. கவனிக்க வேண்டியது வேற ஒண்ணு இருக்கு. தாத்தா பேத்தின்னு காட்டுறதுக்கு ஒரே டாக்குமெண்ட்டா எதுவும் கெடையாது. புள்ள பாஸ்போர்ட்டுல அப்பா பேருதான் இருக்கு, தாத்தா பேரு எங்கயும் இல்ல. நம்ம ஊர்ல குடும்பப் பேரும் கிடையாது, இனிஷியல் தலைமுறைக்கு தலைமுறை மாறிடும், ஆஃபீஸர் பாத்தா ரெண்டு பேரும் சம்பந்தமே இல்லாத ஆளுங்க மாதிரிதான் தெரியும். அதனால புள்ளையோட பர்த் சர்டிபிகேட், அதுல இருக்குற அப்பாவோட பாஸ்போர்ட் நகல், அந்த பாஸ்போர்ட்டுல தகப்பனார் பேரா இருக்குற தாத்தா, இப்படி மூணையும் சேத்து பின் அடிச்சு, மேல அப்பா அம்மா ரெண்டு பேரும் கையெழுத்து போட்ட சம்மதக் கடிதம் நோட்டரி சீலோட இங்கிலீஷ்ல வச்சு குடுத்தேன். திருச்சி இமிக்ரேஷன்லயே கேட்டாங்க. ஒரு நிமிஷத்துல பாத்துட்டு விட்டுட்டாங்க.

இப்ப மொத நாள்.

திருச்சில இருந்து கோலாலம்பூர் கிட்டத்தட்ட நாலு மணி நேரம், நடுராத்திரி கெளம்புற ஃப்ளைட். ராத்திரி ஏழு மணிக்கே வீட்டுல சாப்ட்டுட்டு கெளம்பிட்டாங்க, ஃப்ளைட்ல சாப்பாடு தனியா காசு குடுத்து புக் பண்ணணும், தூங்குற நேரத்துல எதுக்குன்னு வீட்டுல வேணாம்னுட்டாங்க. தாத்தாவுக்கு இருபது வருஷத்துக்கு மேல சுகர். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுக்குறாரு, காலைல எட்டு மணிக்கு மாத்திரை, உடனே இட்லி, இதுதான் பழக்கம். தரையிறங்குறதுக்கு முன்னாடி ஃப்ளைட்ல லோக்கல் டைம் காலைல ஆறரைன்னு அறிவிப்பு வந்துச்சு, எல்லாரும் எழுந்து உக்காந்தாங்க. சரி விடிஞ்சிருச்சு, எறங்குனதும் சாப்பிட்டுக்கலாம்னு தண்ணி வாங்கி மாத்திரைய போட்டுட்டாரு. நம்ம ஊர்ல அப்ப மணி நாலு. மலேசியா நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்ன ஓடுது, அவரு உடம்புக்கு அது இன்னும் நடுராத்திரிதான்.

எறங்குனா இமிக்ரேஷன்ல நீளமான வரிசை. அப்புறம் பெட்டி வர லேட்டு. அப்புறம் சிம் வாங்க பேத்தி நிக்கிறா, அப்புறம் கேஎல் சென்ட்ரலுக்கு, அதாவது கோலாலம்பூர் மெயின் ரயில் ஸ்டேஷனுக்கு, அரை மணி நேரம் ரயில். சாப்பாடு சாப்பாடுன்னு ரெண்டு தடவ சொல்லியிருக்காரு, பேத்தி இதோ தாத்தா, ஸ்டேஷன்ல நெறைய கடை இருக்கு, அங்க போயி சாப்பிடலாம்னு சொல்லியிருக்கா. அவ சொன்னது சாதாரணமா யாரும் சொல்றதுதான். அவளுக்கு தாத்தாவுக்கு சுகர்னு தெரியும், அதாவது டீல சர்க்கரை போடக்கூடாது, ஸ்வீட் குடுக்கக்கூடாது, அவ்வளவுதான் தெரியும். மாத்திரை போட்டுட்டு சாப்பிடாம இருந்தா சுகர் ஆபத்தான அளவுக்கு கீழ போகும்னு யாரும் அவளுக்கு சொன்னதில்ல.

ஸ்டேஷன்ல எறங்குனப்ப அவருக்கு கோவம். பெட்டிய இழுக்காதன்னு கத்துறாரு, எங்க கூட்டிட்டு போறன்னு கேக்குறாரு, ஒரே கேள்விய திரும்பத் திரும்ப. பேத்தி என்கிட்ட சொன்னத அப்படியே எழுதுறேன், "நான் சிம்முக்கு நின்னு லேட் பண்ணிட்டேன்ல, அதான் தாத்தா கோவமா இருக்காங்கன்னு நெனச்சேன் அண்ணே, நானும் பேசாம முன்னாடி நடந்துட்டேன்." பத்தடி போயி திரும்பிப் பாத்தா அவரு ஒரு தூண புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு, ஏசி ஹால்ல சட்டை முதுகோட ஒட்டுற அளவுக்கு வேர்வை, கை நடுங்குது. பக்கத்துல ஒரு ஃபார்மஸி இருந்துருக்கு. அங்க வேலை பாத்த அம்மா, சீனப் பெண்மணி, ஒரு பார்வை பாத்ததுமே நாற்காலி போட்டு, சுகர் மாத்திரை எடுப்பாரான்னு கேட்டுட்டு, பழ ஜூஸ் டப்பா ஒண்ண ஸ்ட்ரா குத்தி கையில குடுத்துட்டு, விரல குத்தி பாத்தாங்க.

மெஷின்ல வந்தது 3.4.

இங்கதான் இன்னொரு சிக்கல். நம்ம ஊர்ல சுகர் 110, 180, 240ன்னு சொல்லிப் பழக்கம். மலேசியால அளக்குற யூனிட்டே வேற, மில்லிமோல் கணக்கு. தாத்தா 3.4ஆ, என்ன மெஷின் இதுன்னு கேட்டுருக்காரு, பேத்திக்கும் புரியல. அந்த அம்மா 18-ஆல பெருக்கிக்கோன்னு சொல்ல, ஃபோன்ல பெருக்கிப் பாத்தா 61. 70-க்கு கீழ போனா அது லோ சுகர், உடனே 15 கிராம் அளவுக்கு சர்க்கரை உள்ள போகணும், கால் மணி நேரம் கழிச்சு திரும்பப் பாக்கணும், இன்னும் ஏறலன்னா மறுபடி குடுக்கணும். இத அந்த புள்ள ஒரு ஃபார்மஸி வாசல்ல நின்னு தெரிஞ்சுக்குச்சு. கால் மணி நேரத்துல 5.1 வந்துச்சு, அதாவது 92 கிட்ட. அப்புறம் ரொட்டி சானாய், ரெண்டு முட்டை. ஒரு மணி நேரத்துல தாத்தா பழைய தாத்தா.

நான் இந்த இடத்துல ரொம்ப நேரம் யோசிச்சேன். லோ சுகர் வந்தா கோவமும் குழப்பமும் வரும், அது நோயோட அறிகுறி. கூட இருக்குறவங்களுக்கு அது சண்டை மாதிரி தெரியும். பெரியவங்களா இருந்தா வேர்வைய பாத்து கண்டுபுடிச்சிருப்பாங்க. 16 வயசு புள்ளைக்கு பெரியவங்க கோவம்னா ஒதுங்கிப் போறதுதான் பழக்கம், அப்படித்தான நாம வளத்துருக்கோம். ஏன் புள்ளகிட்ட முன்னாடியே சொல்லலன்னு அம்மாகிட்ட கேட்டேன். "போற எடத்துல சந்தோசமா இருக்கட்டும், இதெல்லாம் சொல்லி பயமுறுத்த வேணாம்னு மாமாதான் சொன்னாங்க"ன்னாங்க. தாத்தாவே மறைக்கச் சொல்லியிருக்காரு. அவரு சொன்ன காரணம், "என்னைய நோயாளின்னு நெனச்சுட்டா அந்த புள்ள ஒரு எடமும் சுத்திப் பாக்காம என் பக்கத்துலயே உக்காந்துரும் தம்பி." பாசத்துல சொன்ன காரணம்தான், எனக்கு புரியுது, ஆனா உசுருக்கே வினையா முடிஞ்சிருக்கும்.

மறுநாள் கேஎல்ல தங்கி ரெஸ்ட் எடுத்துட்டு, அதுக்கு அடுத்த நாள் ரயில். ஈடிஎஸ்ங்கிற எலெக்ட்ரிக் ரயில் ஈப்போ, தைப்பிங் வழியா வடக்க போகும், சுங்கை பட்டாணி வரைக்கும் நாலு மணி நேரத்துக்கு மேல. இந்த வண்டில நெலமை அப்படியே திரும்புச்சு. புள்ளைக்கு மாதவிலக்கு, தேதிக்கு முன்னாடியே வந்துருச்சு, அவளுக்கு எப்பவும் வயித்து வலி கடுமையா இருக்கும், வாந்தி வரும். வீட்டுல அம்மா ஒரு மாத்திரை குடுப்பாங்க, அது பெட்டிக்குள்ள எங்கயோ இருக்கு, பெட்டி மேல ஏத்தி வச்சிருக்கு. தாத்தாகிட்ட சொல்ல கூச்சம். சுருண்டு உக்காந்துருக்கா. தாத்தாவுக்கு இதுல எதுவும் யாரும் சொன்னதில்ல, ஆனா அவரு அக்கா தங்கச்சியோட லயத்து வீட்டுல (தோட்டத் தொழிலாளிங்களோட வரிசை வீடு) ஒரே ரூம்ல வளந்த ஆளு, ரெண்டு பொண்ணு பெத்தவரு, மொகத்த பாத்தே புரிஞ்சுருச்சு. எதிர் சீட்டுல ஒரு மலாய் அம்மா, தலைல துடுங் போட்டு, மகளோட வந்துருக்காங்க. தாத்தா எழுந்து போயி அவங்ககிட்ட மலாய்ல மெதுவா பேசியிருக்காரு.

ஐம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு அவரு மலாய் பேசி. சின்ன வயசுல தோட்டத்துல கடைக்காரங்ககிட்ட பேசிப் பழகுன மலாய், இலக்கணமெல்லாம் கிடையாது, ஆனா அந்த அம்மாவுக்கு போதும். மகள கூட அனுப்பி பேத்திய பாத்ரூம் வரைக்கும் கூட்டிட்டுப் போகச் சொல்லி, ஃபிளாஸ்க்ல இருந்த சுடுதண்ணி குடுத்து, பெட்டிய எறக்கி மாத்திரைய தேடி எடுத்துக் குடுத்துருக்காங்க. பேத்தி சொன்னது, "தாத்தா என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. சால்வைய எடுத்து போத்தி விட்டுட்டு ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தாங்க." அன்னைக்கு டிரெயின்ல பாதி தூரம் நெட்டும் கெடைக்கல, அறிவிப்பு மலாய்ல வந்தப்பல்லாம் எந்த ஸ்டேஷன்னு அவருதான் சொல்லிட்டு வந்துருக்காரு. கேஎல்ல மேப்ப பாத்து அவரக் கூட்டிட்டுப் போனவ இங்க அவரு பின்னாடி எறங்குனா.

அக்காவும் தம்பியும் பாத்துக்கிட்டத நான் எழுதப் போறதில்ல, அது அவங்க குடும்பத்து விஷயம்.

தோட்டத்துக்கு போனத மட்டும் எழுதணும். ரப்பர் போயி இப்ப பூரா செம்பனை, அதாவது பாமாயில் மரம். லயம் இடிச்சாச்சு, தமிழ்ப்பள்ளி டவுனு பக்கம் மாத்தியாச்சு, மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கு, பெயிண்ட் அடிச்சு நல்லாவே வச்சிருக்காங்க. தாத்தா அங்க ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. பேத்திக்கு என்ன செய்யுறதுன்னு தெரியல. கோயில் பின்னாடி பழைய ரப்பர் மரம் ஒண்ணு தப்பிச்சு நின்னுருக்கு, பட்டைல பழைய வெட்டுத் தழும்பு அப்படியே. தாத்தா இது எப்படி வெட்டுவீங்கன்னு கேட்டா. அவ்வளவுதான், மனுஷன் ஒரு குச்சிய எடுத்துக்கிட்டு ஆரம்பிச்சுட்டாரு. நாலு மணிக்கு எழுந்து பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கு எடுக்குற எடத்துக்கு, போகணும், இருட்டுல தலைல விளக்கு கட்டிக்கிட்டு மரத்துக்கு மரம் ஓடணும். வெட்டு இடது பக்கம் மேல ஆரம்பிச்சு வலது பக்கம் சரிஞ்சு எறங்கணும், அரை மரம் சுத்தி. பழைய வெட்டுக்கு கீழ மெல்லிசா ஒரு சீவல் மட்டும், ஆழமாப் போயி மரத்த தொட்டுட்டா காயம், அந்த எடத்துல பட்டை முண்டும் முடிச்சுமா வளரும், திரும்ப வெட்ட முடியாது, கங்காணி வஞ்சு தீத்துருவாரு. கீழ மங்கு வச்சு பால் புடிக்கணும், வெயில் ஏறுனா பால் நின்னுரும்.

வெயில் ஏறுனா ஏன் நிக்குதுன்னு அவருக்கு காரணம் தெரியாது, அனுபவம் தெரியும். பேத்தி படிச்சிருக்கா. செல்லுக்குள்ள தண்ணி அழுத்தம் விடியக்காலைல அதிகமா இருக்கும், வெயில்ல இலை வழியா தண்ணி ஆவியாக ஆவியாக அழுத்தம் கொறைஞ்சுரும், அதனால பால் வேகம் கொறையுதுன்னு சொல்லிருக்கா. ஆழமா வெட்டுனா காயம்னு சொல்றீங்களே, அது கேம்பியம் தாத்தா, அதுலதான் புது பட்டை உருவாகும்னு மரத்தத் தொட்டு காட்டியிருக்கா. அவரு அசந்து போயி, "எங்க அப்பா இத முப்பது வருஷம் செஞ்சாரு தாயி, ஏன்னு ஒருத்தனும் அவருக்கு சொல்லல"ன்னுருக்காரு. எனக்கு இந்த பயணத்துலயே இதுதான் பெரிய விஷயம். அந்த புள்ள அந்த பேச்சு முழுசையும் வீடியோ எடுத்து வச்சிருக்கு, நானும் பாத்தேன், தாத்தா குரல் கணீர்னு இருக்கு.

திரும்பி கேஎல் வந்தப்ப ஒரு சின்ன உரசல். பத்துமலைக்கு போகணும்னு தாத்தா, ராத்திரி இரட்டைக் கோபுரம் லைட்டோட பாக்கணும்னு பேத்தி. 272 படி ஏறி எறங்குனா சாயங்காலம் அவரால நடக்க முடியாது. அவங்களாவே பேசி முடிவு பண்ணிருக்காங்க, தாத்தா கீழ 42.7 மீட்டர் முருகன் சிலைக்கு முன்னாடி கும்புட்டுட்டு நெழல்ல உக்காருவாரு, பேத்தி மட்டும் ஏறிப் போயி வீடியோ கால்ல சந்நிதிய காட்டுவா, சாயங்காலம் ரெண்டு பேரும் கோபுரத்துக்கு போவாங்க. போறதுக்கு முன்னாடி அவ கேட்ட மொத கேள்வி, மாத்திரை போட்டீங்களா, என்ன சாப்பிட்டீங்க. மொத நாளைக்கு அப்புறம் தினமும் அவதான் மாத்திரை நேரத்த பாத்துருக்கா. பையில எப்பவும் ஜூஸ் டப்பா ரெண்டு.

பணத்துல ஒரு சிக்கல் வந்துச்சு, அதையும் சொல்லிடுறேன். தாத்தா கார்டுல வெளிநாட்டு பரிவர்த்தனை ஆன் பண்ணியாச்சு, ஆனா ஓடிபி வர்ற நம்பர் அவரோட பட்டன் ஃபோன்ல, அதுல ரோமிங் போடல. ஆன்லைன்ல ரயில் டிக்கெட் எடுக்க முடியாம ஸ்டேஷன் கவுண்டர்லதான் எடுத்தாங்க. கையில ரிங்கிட் இருந்ததால தப்பிச்சாங்க. பேங்க் நம்பர்ல ரோமிங் போட்டே ஆகணும், கால் பேச இல்லன்னாலும் மெசேஜ் வாங்க.

இந்த கேஸுக்கு அப்புறம் என்கிட்ட வர்ற தாத்தா பாட்டி, பேரன் பேத்தி ஜோடிக்கு டிக்கெட் போடுறப்ப ரெண்டு தாள் எழுதி வாங்குறேன். ஒண்ணு பெரியவரப் பத்தி, அத சின்னவங்க எழுதணும், பெரியவர் வாயால கேட்டு. என்ன நோய், மாத்திரையோட மருந்துப் பேரு, எந்த வேளை, சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயா, நேரம் மாறுனா என்ன செய்யணும்னு டாக்டர் சொன்னது, உடம்புக்கு முடியாம போனா எப்படித் தெரியும், அப்ப என்ன குடுக்கணும். இன்னொண்ணு சின்னவங்களப் பத்தி, அத அவங்களே எழுதி பெரியவர் கையில குடுக்கணும். என்ன வலி வரும், என்ன மாத்திரை, அது பையில எங்க இருக்கு, எதுக்கு பயம், தொலைஞ்சு போனா எங்க வந்து நிப்பாங்க. மாத்திரை எல்லாம் கைப்பையில, பெட்டில போடவே கூடாது. ரெண்டு தாள்லயும் அந்த நாட்டோட அவசர நம்பர், மலேசியான்னா 999. சில வீட்டுல இதெல்லாம் எதுக்கு, அபசகுனமான்னு கேக்குறாங்க. நான் விடுறதில்ல, அஞ்சு நிமிஷ வேலை, எழுதுங்கன்னு பேனாவக் குடுத்துடுறேன். எழுதுறப்ப பாதி பேரு ஆச்சரியப்படுறாங்க, உங்களுக்கு பிரஷர் இருக்கா பாட்டி, எனக்குத் தெரியவே தெரியாதேன்னு.

வலிப்பு இருக்குறவங்க, இன்சுலின் போடுறவங்கன்னா இந்த தாள் பத்தாது. போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் சேந்து போகணும். இன்சுலின் பெட்டிக்குள்ள கார்கோல போனா உறைஞ்சு கெட்டுப் போகலாம், டாக்டர் சீட்டோட கைப்பையிலதான் வரணும், இதையும் அங்கயே கேட்டு தெளிவா புரிஞ்சுக்கணும்.

அந்த அக்காவோட பேரன் ஒருத்தன் இருக்கான், 17 வயசு. தாத்தாவும் பேத்தியும் வந்துட்டுப் போனத பாத்துட்டு, வீல்சேர் போட்டாவது பாட்டிய நம்ம ஊருக்கு ஒரு தடவ கூட்டிட்டு வரணும்னு பிடிவாதமா நிக்கிறானாம், தை மாசம் பொங்கலுக்கு திட்டம். பேத்தி அந்த ரெண்டு தாளோட ஃபோட்டோவ அவனுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிருக்கு. பாட்டியோட மாத்திரை லிஸ்ட அவன் எழுதி திருப்பி அனுப்பிட்டான், சுகர் அளவ 18-ஆல பெருக்கி பக்கத்துல நம்ம கணக்கையும் போட்டுருக்கான். அவனப் பத்துன தாள் இன்னும் வரல, தாத்தா தெனமும் கேட்டுக்கிட்டு இருக்காரு.